கதவுக்கடியில் ஒரு சொல்

மூன்று வயதாகியும் மிலி வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒரே மொழி பேசச் சொன்னார் டாக்டர். லிஸ்பனில் அது நடக்கிற காரியமா? அன்று குழந்தை குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

"சாவியக் குடு தங்கம், சாவி!" செண்பகா கத்தினாள்.

"ச்சாபி!" கணவன் சுபீர் பெங்காலியில் அலறினான்.

"ஷாவ்!" ஓடிவந்த வீட்டுக்காரம்மாள் போர்த்துகீசில் கத்தியபடி கதவைத் தட்டினாள்.

என்றோ இந்த லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிப்போன ஒரே வார்த்தையைத்தான் மூன்று பேரும் கத்துகிறார்கள் என்று செண்பகாவுக்கு உறைத்தது. கதவுக்கடியில் சாவி நழுவி வந்தது. கூடவே உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஷாவ்பி!"

"பேசிட்டா! எம்புள்ள பேசிட்டா!"

சுபீர் சாவியை எடுக்கக் குனிந்தான். அவன் கையைத் தட்டிவிட்டு, செண்பகா அதை மறுபடி உள்ளே தள்ளினாள்.