மாமனார் கடைக்கு முப்பது பெட்டி

மாப்பிள்ளையை உட்காரக்கூடச் சொல்லவில்லை மாமனார்.

"வந்த வேன் அப்படியே திரும்பட்டும்."

வேனில் முப்பது வீடியோ கேம் பெட்டிகள், டிவியில் மாட்டி விளையாடுபவை. எல்லாம் மாமனார் மேனேஜராக இருக்கும் கடையில் அன்று விற்றவை. ஆள் விட்டு வாங்கி, காட்டுவதற்கென்று கொண்டுவந்தது மாப்பிள்ளை. அவரும் மேனேஜர்தான், போட்டிக் கம்பெனியின் கடையில். ஒரே தெரு. எதிரெதிர் வாசல்.

இரண்டு கம்பெனிக்கும் நஷ்டம். நஷ்டக் கடைகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். இந்தத் தெருவில் ஒன்று மூடினால் மற்றது பிழைக்கும். மாமனாருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம்.

மகள் பொரிந்தாள்.

"அப்பா! உங்க கடையை மூடிடக் கூடாதுன்னு சிநேகிதர்களை எல்லாம் அனுப்பி வாங்கியிருக்கார். சொந்தப் பணம். யாருப்பா செய்வா?"

"யாரும் செய்ய மாட்டாங்க."

மாப்பிள்ளை கையில் காபியைக் கொடுத்த மாமியாருக்கு ஆத்திரம் வந்தது.

"மனுஷனா நீங்க? வியாபாரம் இல்லைன்னு ராத்திரியெல்லாம் புரண்டீங்க. வித்துக் கொடுத்தா வாசல்ல நிக்க வெக்கிறீங்க!"

"விடுங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை, பரம சாதுவாக. "மாமாவுக்கு ரோஷம். அடுத்த வாரம் இன்னொரு முப்பது எடுத்துக்கறேன்."

"எடுப்பீங்க மாப்பிள்ளை. ஏன் எடுக்க மாட்டீங்க?"

மாமனார் மகள் பக்கம் திரும்பினார்.

"உன் வீட்டுக்காரர் பெட்டியோட கேம் எத்தனை வாங்கினார், கேளு."

"எத்தனைங்க?"

"கேம்... வாங்கலை."

"ஒண்ணுகூடவா?"

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"கேட்டுக்கோம்மா. பெட்டி செய்ய ஐந்நூறு ஆச்சுன்னா நாங்க நானூறுக்குத்தான் விக்கிறோம். கையைக் கடிக்கும். வாங்கினவன் அப்புறம் கேம் கேமா வாங்குவான் பாரு, அதுலதான் விட்டதைப் பிடிக்கிறது. வெறும் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா, ஒவ்வொண்ணும் என் கடைக் கணக்குல நஷ்டம். இவர் கம்பெனியிலயும் இதே கதைதான். இவருக்குத் தெரியாதா?"

மகள் புருஷன் கையிலிருந்த காபியைப் பிடுங்கினாள்.



மாமனார் விடவில்லை. குரல் தெருவுக்கே கேட்டது.

"வியாபாரத்துல போட்டி இருக்கட்டும். அதுக்காகப் பொண்ணு கொடுத்தவன் வயித்துல அடிக்கிறதா? சொந்தக் குடும்பத்துக்கே குழி பறிக்கிறவன் என்ன மனுஷன்? நான் செய்வேனா இப்படி? சாகுற வரைக்கும் செய்வேனா?"

மாமியார் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"அப்போ நம்ம கட்டிலுக்கடியில அடுக்கி வெச்சிருக்கீங்களே, மாப்பிள்ளை கடைப் பெட்டிங்க... அதுக்கெல்லாம் கேம் வாங்கியாச்சா?"