வலப்பக்கம் போன சொற்கள்

திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது அவளுடைய மூளை.

முந்தின நாள் ஸ்கேன் எடுக்கும் குழாய் இயந்திரத்துக்குள் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருந்தாள். கண்ணுக்கு மேலே படங்கள் வந்தன. பூட்டு. ஒட்டகம். கத்தரிக்கோல். ஒவ்வொன்றின் பெயரையும் மனதுக்குள் சொல்ல வேண்டும். சொன்னாள்.

அப்படிச் சொன்னபோது மூளையில் வேலை செய்த இடமெல்லாம் இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது.

"இடப்பக்கம் ஒரு தழும்பு இருக்கு பாருங்க, மங்கையற்கரசி" என்றார் டாக்டர் ரெஹானா. "வலிப்பு அங்கேர்ந்துதான் கிளம்புது. பேச்சும் பொதுவா அந்தப் பக்கம்தான் இருக்கும். உங்களுக்கு அங்க இல்ல. வலப்பக்கம் குடிபோயிடுச்சு."

"எப்ப?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாதான் கேட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமா."

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு மங்கையற்கரசியின் வேலை. அறுவை சிகிச்சையில் பேச்சு போய்விடுமோ என்று பயந்தே ஆறு வருடம் தள்ளிப்போட்டிருந்தாள்.

"தழும்பை எடுத்தா பேச்சு தங்கும்னு இந்தப் படம் சொல்லுது. வலிப்பு நிக்க நூத்துக்கு எழுபது வாய்ப்பு."

"மீதி முப்பது?" என்றாள் அம்மா.

"அதுக்கு என்கிட்ட படம் இல்லம்மா."

மங்கையற்கரசி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வகுப்பறையில், கடைவீதியில், கல்யாணப் பந்தியில் என இருபது வருடமாக அடிக்கடி நினைவில்லாமல் விழுந்து கிடந்திருக்கிறாள். அத்தனை நாளும் உள்ளே சொற்கள் ஒவ்வொன்றாகப் பத்திரமான பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

அவளிடம்கூடச் சொல்லாமல்.

வலது நெற்றியோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது.

பிறகு அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆவணியில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்ததும் பேர் கேட்டார்கள். முழுப் பெயரையும் சொன்னாள். வறண்ட குரல்தான். ஆனால் ஓர் எழுத்தும் பிசகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம். ஒருமுறைகூட விழவில்லை.

பன்னிரண்டு வயதிலிருந்து அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டதில்லை. கதவு வெறுமனே சாத்தியிருக்கும். வெளியே அம்மா நிற்பாள். தண்ணீர்ச் சத்தம் சற்று நின்றால் போதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

அடுத்த ஆவணியில் ஒரு காலை. அவள் தண்ணீர் மொள்ளும் முன்பே அம்மா கூப்பிட்டாள்.

"மங்கை."

"என்னம்மா?"



"தாப்பா போட்டுக்க."

தாழ்ப்பாள் துருவேறியிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினாள்.

வெளியே, அம்மாவின் காலடி அடுப்படிப் பக்கம் போனது.