மூன்றாவது பொம்மை

மத்திய வங்கி முதல் முறை வட்டியைக் குறைத்தபோது அந்த அடுக்குமாடிக் கட்டடம் நான்கு மாடி எழும்பியது. பிறகு ஏற்றினார்கள். வீடு முன்பதிவு செய்தவர்கள் பின்வாங்கினார்கள், கொத்தனார்கள் ஒரே வாரத்தில் ஊர் திரும்பினார்கள். முகப்பில் தொங்கிய திருஷ்டி பொம்மை மட்டும் அந்தக் கட்டடத்தில் குடியிருந்தது. மறுபடி குறைத்தார்கள். பழைய பொம்மையை எரித்துப் புதியதைக் கட்டினார்கள், இன்னும் இரண்டு மாடி வந்தது. மறுபடி ஏற்றினார்கள்.

இன்று காலை என்ஜினியர் சுகுமாறன் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "வட்டியக் கொறைச்சிட்டாங்க தணிகாசலம். இந்தத் தடவ வேலை நிக்காது. அந்தப் பொம்மை ராசியில்ல. எரிச்சிட்டுப் புதுசு கட்டிடுங்க."

வாட்ச்மேன் தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். பொம்மையின் மேல் வெளுத்துப்போய்க் கிடந்தது அவருடைய நீல யூனிஃபார்ம் சட்டை. முதல் பொம்மைக்கும் அவர்தான் கொடுத்திருந்தார்.

"கட்டிடலாம் சார். ஏழு வருஷத்துல கம்பெனி எனக்குக் குடுத்தது மொத்தமே மூணு சட்ட."

சுகுமாறன் சிரித்தபடி பெட்டியை நீட்டினார். தணிகாசலம் ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். பிறகு எழுந்து, போட்டிருந்த சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.