ஏழு நிமிடப் பின்னல்

“சீக்கிரம். இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு. ஸ்கூல் வேன்காரர் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பார், அதுக்கு மேல நிக்க மாட்டார்,” என்றாள் மனைவி. அவள் கையிலிருந்த போனில் ஏழு நிமிடக் கணக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியனான அவள் கணவன் சீப்பைப் பல்லில் கடித்தபடி, கூந்தலின் மூன்று பிரிகளையும் மாற்றி மாற்றிப் போட்டான். ஒரு பிரி நழுவியது.

“தினமும் எத்தனை ஒயரை முறுக்குறீங்க. இது மூணே மூணுதான்.”

“ஒயருக்கு வலிக்காதே.”

“பாப்பா வலிக்குதுன்னு கத்தத்தான் செய்வா. நெத்திப் பக்கம் மெதுவா, பிடரியில இறுக்கமா.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“பயந்தா பின்னல் கோணும். அவிழ்த்துட்டு முதல்லேருந்து பின்னுங்க.”

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடி வந்து, திகைத்து நின்றாள்.

“அப்பா, அம்மாவுக்கு ஏன் தலை பின்றீங்க? அதுவும் ஞாயித்துக்கிழமை?”

“அப்பா பின்னப் பழகுறார்டா கண்ணு. நீ போய் ரப்பர் பேண்ட் எடுத்துட்டு வா,” என்று சிரித்தாள் அவள்.

மகள் உள்ளே போனதும் அவன் பின்னுவதை நிறுத்தினான். “டாக்டர் இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்குன்னுதானே சொன்னார்? இன்னிக்கே என்ன அவசரம்? மெதுவாக் கத்துக்க மாட்டேனா?”

அவள் திரும்பாமல், தோளில் கிடந்த அரைப் பின்னலைத் தடவிப் பார்த்தாள்.

“நாளைக்கு முதல் மருந்து ஏத்துறாங்க. ரெண்டு வாரத்துல எனக்கு முடியெல்லாம் கொட்டிடும்னு நர்ஸ் சொன்னாங்க. அப்புறம் யார் தலையிலங்க பழகுவீங்க?”