கூப்பிடு தூரம்

ஊட்டி ரயில் கல்லாறு தாண்டிய மூன்றாவது வளைவில், குழந்தை அவள் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டது.

காலையில் தின்ற இட்லி. பால். எல்லாம்.

"பரவால்ல சாமி. பரவால்ல. எடுத்துரு."

சஷ்மிதா நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டு வயது. தன் கைக்குட்டையால் அவள் சேலையைத் துடைக்கப் போனது. அவள் அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

கொஞ்ச நேரம் பிடித்தே வைத்திருந்தாள்.

மூன்று பேருக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தார் அவள் கணவர். காலை ரயிலில் ஊட்டி. மதிய ரயிலில் மேட்டுப்பாளையம். ஆனால் விடியும்போதே பஸ் டிப்போவிலிருந்து போன் வந்துவிட்டது. ஒரு டிரைவர் லீவு போட்டுவிட்டாராம்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்.

ரெண்டு பேரும்.

கல்யாணமாகி ஒன்பது மாதம். அவளும் சஷ்மிதாவும் தனியாக எங்கேயும் போனதில்லை.

சஷ்மிதா அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

இனிமேல் இவங்கதான் அம்மா என்றார்கள் சொந்தக்காரர்கள். சித்தின்னாவது கூப்பிடு என்றாள் அத்தைக்காரி. குழந்தை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டும். கூப்பிடாது. அடமெல்லாம் இல்லை. அம்மா என்ற சொல்லை ஒருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் செத்துப்போனாள். அவ்வளவுதான்.

ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து வரும். பக்கத்தில் நிற்கும். இவள் திரும்பும்வரை நிற்கும்.

அடுப்படியில் தாளிக்கிற சத்தத்தில் எத்தனை தடவை அப்படி நின்றிருக்குமோ.

ஏன் கூப்பிடுவதில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் எந்த வேலை செய்தாலும் ஒரு காது பின்னாலேயே இருந்தது.

ஹில்குரோவில் ரயில் நின்றது. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம்.

"சேலையை அலசிட்டு வந்துர்றனுங்க. பாப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்குங்க." எதிர் சீட்டுச் சிறுமுகைக்காரம்மாவிடம் சொன்னாள்.

"நானிருக்கேன், நீ போ கண்ணு."

குழாய் பிளாட்பாரத்தின் கோடியில், இன்ஜின் பக்கம் இருந்தது. குனிந்து கொசுவத்தை அலசினாள். தண்ணீர் விரலைக் கடித்தது. இன்ஜின் புஸ்ஸென்று ஆவியை விட்டது. வேறெதுவும் காதில் விழவில்லை.

அது அடங்கியதும் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அவள் நிமிரவில்லை. இந்த மலையில் அவளை யாருக்குத் தெரியும்? வீட்டிலேயே அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. அவருக்கு அவள் "இந்தா". மாமியாருக்கு "ஏம்மா".

மறுபடியும்.

"கனகமணீ!"

திரும்பினாள்.

ரயிலில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. அந்த ரயிலுக்குத் தாழ்ப்பாள் வெளியே. எழுந்து வந்து பக்கத்தில் நிற்க வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, சஷ்மிதா. பாவாடையைப் பின்னாலிருந்து சிறுமுகைக்காரம்மா இழுத்துப் பிடித்திருந்தாள்.

"கனகமணீ! ரயில் போகப்போகுது! கனகமணீ!"

அடுத்த பெட்டியில் இருந்த காலேஜ் பையன்களுக்கு அது போதும்.

"கனகமணி! கனகமணி!"

"அக்கா, துவைச்சது போதுங்க்கா! ஊட்டில போய் மிச்சத்தைப் பார்த்துக்கலாம்!"

ஒரு பெட்டி. இரண்டு பெட்டி. ரயில் முழுக்க அவள் பேர்.

ஈரச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொடிக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க கனகமணி."

ரயில் நகர்ந்தது.

சிறுமுகைக்காரம்மா விடவில்லை. "ஏங் கண்ணு, பெத்தவளைப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடறியே? ரயிலே சிரிக்குது. அம்மான்னு வாய் வராதா உனக்கு?"

சஷ்மிதாவின் தலை தொங்கிவிட்டது. காது இரண்டும் சிவந்துவிட்டன. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"எங்க வீட்ல அப்படித்தானுங்க." அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

"நல்லா சொல்லிக்குடுத்தே போ!"

குழந்தை மெல்ல நிமிர்ந்தது. அவள் முகத்தை முழுசாகப் பார்த்தது. ஒன்பது மாதத்தில் இப்போதுதான்.

குகை வந்தது. பெட்டி இருட்டாகிவிட்டது. ரயிலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள்.

சஷ்மிதா கத்தவில்லை. நகர்ந்து வந்து ஈரச் சேலையோடு ஒட்டி உட்காருவது தெரிந்தது. காதருகே சூடான மூச்சு.

"கனகமணி."

மெதுவாக. சரியாக வருகிறதா என்று சொல்லிப் பார்ப்பதுபோல.

அவளுக்கு நன்றாகக் கேட்டது.

ம் என்று சொல்லவில்லை. குகை முடியக் கொஞ்ச நேரம் இருந்தது.

இன்னொரு தடவை கூப்பிடட்டும்.