பேயாண்டி உட்கார்ந்த வண்டி

"நீ உக்காருண்ணே. நான் நின்னுக்கிறேன்" என்றார் உக்கிரபாண்டி.

பேயாண்டிக்குக் குப்பென்று வியர்த்தது. அண்ணே என்று கூப்பிட்டவர் பண்ணையாரின் மகன். கை காட்டிய இடமோ அவருடைய மோட்டார் சைக்கிள். மேலத்தெரு முழுவதும் கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

"வேணாஞ் சாமி. நான் தோல் தைக்கிறவன். தச்சுக் குடுத்ததோட என் வேலை முடிஞ்சுபோச்சு."

"சாமி கீமியெல்லாம் விடுண்ணே. தச்சவன் உக்காந்து பாக்காம வேற எவன் உக்காந்து பாக்குறது?"

அந்த வண்டி மதுரையில் ஒரு துரை ஓட்டி ஓட்டிச் சலித்து, சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. சீட்டு கிழிந்து, ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்தது. பேரையூர்ப் பக்கத்தில் இந்த வேலை யாருக்குத் தெரியும்? கிணற்றில் நீர் இறைக்கிற கமலைச் சாலுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்த பேயாண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஐந்து நாள் வேலை. ஸ்பிரிங்கின் மேல் சாக்கை இழுத்துக் கட்டினான். தேங்காய் நாரைப் பிய்த்துப் பிய்த்துப் பரப்பி மெத்தையாக்கினான். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலை அதன்மேல் போட்டு ஆணி அடிக்கப் போனபோது உக்கிரபாண்டி தடுத்தார்.

"ஆணி வேணாம். கழட்டி மாட்டுற மாதிரி வார் வச்சு உறையாத் தச்சிரு. ஒரே அளவுல ரெண்டு தையி."

மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று போலிருக்கிறது என்று பேயாண்டி நினைத்துக்கொண்டான். வேளைக்கு ஒரு வேட்டி மாற்றுகிறவர்கள் வண்டிக்கும் மாற்றத்தானே செய்வார்கள்! இரண்டையும் பார்த்துப் பார்த்துத் தைத்தான்.

அப்படித் தைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவனுடைய மகள் அழகம்மாளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பெஞ்சில் இருக்க, அவள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே வெயிலில், தரையில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். பள்ளிக்கூடத்தை நடத்துவது பண்ணை வீடு. மூன்றாம் நாள், குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு, அவளையும் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி உக்கிரபாண்டியிடம் கேட்டே விட்டான்.

"அதுக்கென்ன? பெஞ்சுல உக்கார வச்சாப் போச்சு. காலம் மாறிருச்சுல்ல!" என்றார் உக்கிரபாண்டி. கதர்ச் சட்டை போட்டவர், பட்டணத்தில் படித்தவர். பேயாண்டி அப்படியே நம்பினான்.

அவன் பெண்சாதி ராமக்காள்தான் நம்பவில்லை. "இந்த ஊருல நீ தைக்காத செருப்பு எது? ஒருநா, ஒரே ஒருநா, அதைக் கால்ல மாட்டிக்கிட்டு மேலத்தெருவுல நடந்திருக்கியா? பெஞ்சாம்ல பெஞ்சு!"

எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறவள் என்று அவளை அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டினான். இப்போது அவள் இங்கே இல்லையே என்று அவனுக்கு இருந்தது. இன்னொரு உறை இருந்த பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, வெறுங்காலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

ஸ்பிரிங் ஒரு முறை முனகிவிட்டு அவனைத் தாங்கிக்கொண்டது. ஐந்து நாளாகக் கையால் தடவித் தடவிப் பார்த்த சீட்டு, உட்கார எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. எம்புட்டுச் சுகம்! மேலத்தெரு ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள், தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. அதே மாதிரி அழகம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் மனசுக்குள் தெரிந்தது.

உக்கிரபாண்டி பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதுரை சிம்மக்கல்லிலிருந்து வரவழைத்திருந்த போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"ஆடாம இருங்கண்ணே. கொஞ்சம் சிரிங்க" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. பேயாண்டிக்குச் சிரிக்கச் சொல்லித் தரவேண்டியதே இல்லை.

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் ஏதேதோ முணுமுணுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். பேயாண்டி மெதுவாக இறங்கினான். சாமி என்று கூப்பிட வாயெடுத்தவன், விடச் சொன்னாரே என்று நினைப்பு வந்து மாற்றிக்கொண்டான்.

"ஐயா, புள்ளைய நாளைக்கே அனுப்பிரவா? பெஞ்சுல உக்காரலாம்னு வாத்தியார்ட்ட ஒரு வார்த்தை..."

உக்கிரபாண்டி போட்டோக்காரரைப் பார்த்தார். "படம் நல்லா விழுந்துருச்சா?"

"அருமையா விழுந்துருச்சுங்க. பேப்பர்ல போட்டாப் பளிச்சுனு இருக்கும்." பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பஸ் பிடிக்க நடந்தார்.

அவர் தலை தெருமுனையில் மறைகிற வரைக்கும் உக்கிரபாண்டி காத்திருந்தார். பிறகு வண்டியில் ஏறக் காலைத் தூக்கியவர், சீட்டைப் பார்த்ததும் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"டேய், நீ உக்காந்த உறையைக் கழட்டிட்டு, இன்னொண்ணை மாட்டுடா."