எயினன் கல்

அரசர் நோயிலிருந்து எழுந்தால் தன் தலையைக் கொற்றவைக்குத் தருவதாக எயினன் நேர்ந்துகொண்டான். கோயில் முன்னே ஒரு மூங்கிலை வளைத்து நுனியைத் தரையோடு கட்டினார்கள். அந்த நுனியில் கூந்தலை முடிந்துகொண்டு, தரையில் கட்டிய கயிற்றை வெட்டிவிட்டு, தன் வாளால் தானே கழுத்தை அறுக்க வேண்டும். மூங்கில் நிமிரும்போது தலை மேலே போகும். அப்படித் தலை தந்தவனுக்குக் கல் நடும் ஊர்ச் சிற்பி அதுவரை காத்திருக்கவில்லை. சிரித்தபடி வாளேந்தி நிற்கும் எயினனைக் கல்லில் செதுக்கி மூங்கிலுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டான். ஊர் அந்தக் கல்லுக்கு விளக்கேற்றியது. பிறகு, தெருவில் எயினனைக் கண்டாலும் செருப்பைக் கழற்றியது. பிள்ளை பெற்றவர்கள் அவன் காலடி மண்ணை அள்ளிப்போனார்கள். வீட்டில் சோறு பூவோடு வந்தது. மகள் மடியில் ஏற வந்தால் மனைவி நங்கை பிடித்து இழுத்தாள். "சாமியத் தொடாதடி."

மழை பிடித்த அன்று காலை அரசர் இறந்துபோனார். செய்தி கேட்ட எயினன் கோயிலுக்கு ஓடினான். கல்லுக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்த நங்கை அவனைக் கண்டதும் சேற்றில் விழுந்து வணங்கினாள்.

"எந்திரி நங்கை. ராசா போயிட்டாரு. இனி என் தலை வேண்டாம். வீட்டுக்குப் போவோம், வா."

அவள் எழவில்லை. பக்கத்தில் நின்ற மகள் அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சாமி, எங்கப்பாவ எப்ப திருப்பித் தருவ?"

எயினன் சுற்றிலும் பார்த்தான். ஊரே நனைந்தபடி கைகூப்பி நின்றது. மூங்கிலைக் கட்டிய கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.